வீக்கத்துக்கு மூலிகைக் களிம்பு: கடைக்காரர் கவனிக்க வேண்டியவை

மூட்டு வீக்கம், சுளுக்கு, அரிப்பு என்று கேட்டு வருவோருக்குக் கொடுக்க ஒரு மூலிகைக் களிம்பு டப்பாவாவது இல்லாத நாட்டு மருந்துக் கடை அரிது. கமிஷன் நன்றாக வருகிறது என்பதற்காக வாங்கி அடுக்கும் முன், இந்தச் சரக்கு எப்படித் தயாராகிறது, எப்படிச் சோதிக்கப்படுகிறது என்பதை உறுப்பினர்கள் அறிந்திருப்பது நல்லது.

சரக்கின் தொடக்கம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் தேனும் கீழே இறங்கி வருவது நமக்குப் புதிதல்ல. ஓடைக்கரை நொச்சியும் வேலியோர முடக்கத்தானும் வீக்கத்துக்கு வைத்துக் கட்ட நம் வீடுகளில் பயன்பட்டவைதாம். ஆனால் இலையை அரைத்துக் கட்டுவது வேறு, இரண்டு ஆண்டு கெடாமல் டப்பாவில் நிற்கும் களிம்பு வேறு. இலையை நிழலில் உலர்த்தி, சத்தைப் பிரித்து, எண்ணெயும் தேன்மெழுகும் சேர்ந்த அடிப்பொருளில் கலக்க வேண்டும். மூலப்பொருள் மாறினால் எல்லாம் வீண். கருநொச்சி என்ற பெயரில் வேறு செடியும் சந்தைக்கு வருவதை மொத்த வியாபாரிகள் அறிவர். தாவரப் பெயரைக் கேட்டு வாங்குகிற தயாரிப்பாளரை நம்பலாம்.

பிறகுதான் சோதனை. 1962-ல் வெளியான ஒரு முறை இன்றும் வழக்கில் உள்ளது. கராஜீனன் என்னும் கடற்பாசிச் சத்தை எலியின் பாதத்தில் ஊசியால் செலுத்தினால் சில மணி நேரத்தில் பாதம் வீங்கும். ஒரு கூட்டத்துக்கு மூலிகைக் களிம்பு, ஒன்றுக்கு டைக்ளோஃபினாக் போன்ற தெரிந்த மருந்து, ஒன்றுக்கு மூலிகை சேராத வெறும் களிம்பு தடவி, வீக்கத்தை மணிக்கு மணி அளப்பார்கள். மூன்றாவது கூட்டம் முக்கியம். எதைத் தேய்த்தாலும் சற்று இதமாகத்தான் இருக்கும். வெறும் களிம்பைவிட எவ்வளவு அதிகம் என்பதே கேள்வி. எலியில் வீக்கம் வடிந்ததாலேயே மனிதருக்கும் வடியும் என்று சொல்லிவிட முடியாது. சூட்டிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் வைத்துப் பிரிகிறதா, பூஞ்சை பிடிக்கிறதா என்றும், தோலில் எரிச்சல் தருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

"தடவிய மறுநாளே குணம்" என்று விற்பனையாளர் சொன்னால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். மூலிகை என்ற பெயரில் பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால் போன்ற ஸ்டீராய்டுகளைக் கலந்து விற்பவர்கள் உண்டு. வீக்கமும் அரிப்பும் சட்டென்று அடங்கும். நாளடைவில் தோல் மெலிந்து சிவக்கும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. அதையே லேபிளில் சொல்லாமல் விற்பது எத்தகைய குற்றம் என்று யோசித்துப் பாருங்கள். பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர் கம்பெனியைத் தேடிப் போகமாட்டார், நம் கல்லாவுக்கு முன்தான் வந்து நிற்பார்.

சட்டம் இரண்டு வகை பிரிக்கிறது. பழைய சித்த, ஆயுர்வேத நூல்களில் உள்ளபடி செய்யும் குங்கிலிய வெண்ணெய் போன்றவை ஒரு வகை; கம்பெனியே சேர்க்கை அமைத்துச் சொந்தப் பெயரில் விற்பது மற்றொன்று. பின்னதற்கு உரிமம் பெற, பலனுக்கும் பாதுகாப்புக்கும் ஆதாரம் காட்ட வேண்டும் என்று 2010-ல் விதி வந்தது. பழைய நூல் ஆதாரத்தின் பெறுமதியை மஞ்சள் வழக்கிலேயே பார்த்தோம்: காயம் ஆற்ற மஞ்சள் என்று 1995-ல் அமெரிக்காவில் வழங்கிய காப்புரிமை, நம் பழைய ஏடுகளைக் காட்டி வாதாடியதால் 1997-ல் ரத்தானது.

அழகுசாதனம் என்று உரிமம் வாங்கியிருந்தால் வீக்கம் தீர்க்கும் என்று டப்பாவில் போட முடியாது. மருந்தாயின் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், சேர்க்கைப் பொருள்கள், காலாவதித் தேதி, "வெளி உபயோகத்துக்கு மட்டும்" என்ற வாசகம் ஆகியவை இருக்க வேண்டும். உரிமம் இல்லாதவர் தயாரித்ததை விற்பதும் சட்ட விரோதம். ஆய்வாளர் கேட்டால் யாரிடம் கொள்முதல் செய்தோம் என்று நாம் சொல்லியாக வேண்டும். எனவே துண்டுச் சீட்டில் சரக்கு இறக்காமல், பேட்ச் எண் எழுதிய பில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.