இரண்டு கிரெடிட்டுக்காக என் பெண் போன இடம்

"அம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடேன்" என்று என் பெண் ஒரு தாளை நீட்டினாள். சென்ற ஆண்டு ஏப்ரல் மாதம், ஒரு சாயங்காலம். ரசம் நுரை கட்டி வருகிற நேரம். அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக் கொண்டு வாங்கிப் படித்தேன்.

மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கான பகல் நேர மையம் ஒன்றில் 60 மணி நேரம் பயிற்சி பெற என் மகளை அனுப்பச் சம்மதிக்கிறேன் என்று அதில் இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னடி இது! படிக்கத்தானே காலேஜுக்கு அனுப்பினோம்? பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா போகச் சொல்றாங்க?" என்றேன்.

"அம்மா, அந்த வார்த்தையைச் சொல்லாதே" என்றாள். அவ்வளவுதான். தாளை மேஜை மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் பெண் திருச்சியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. சைக்காலஜி படிக்கிறாள். நம் காலத்தில் மனோதத்துவம் என்று சொல்வோமே, அதுதான். பாடப் புத்தகத்தைப் படித்து, பரீட்சை எழுதி, பாஸ் செய்வதுதான் படிப்பு என்று ப்ளஸ் டூவோடு நின்றுவிட்ட நான் நினைத்திருந்தேன். இப்போது அது மட்டும் போதாதாம்.

கிரெடிட் என்றால் என்ன?

சீட்டுக் கட்டும் சகோதரிகளுக்கு இது சுலபமாகப் புரியும். மாதா மாதம் தவணை கட்டி வருகிறோம். எல்லாத் தவணையும் சேர்ந்தால்தான் முழுப் பணம் கைக்கு வரும். ஒன்றைக் கட்டாமல் விட்டாலும் கணக்கு நேராகாது. பட்டப் படிப்பும் இப்போது அப்படித்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022ல் வெளியிட்ட திட்டத்தில் மூன்று வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்று இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டால் 15 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். இன்டர்ன்ஷிப் என்கிற வெளிப் பயிற்சிக்கு 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். கோடை விடுமுறைப் பயிற்சிக்கு 2 முதல் 4 கிரெடிட் வரை உண்டு. மொத்தக் கணக்கு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.

என் பெண்ணின் கல்லூரியில் இந்தப் பயிற்சிக்கு 2 கிரெடிட். அதாவது 60 மணி நேரம். நான்காவது செமஸ்டர் முடிந்து வரும் விடுமுறைக்குள் செய்து, அறிக்கை எழுதி, கல்லூரி திறந்ததும் கொடுக்க வேண்டும்.

நான் செய்த தப்பு

நான் கையெழுத்துப் போடவில்லை. "நாளைக்கு வரன் பார்க்கும்போது நாலு பேர் நாலு விதமாகப் பேசுவாங்க" என்று மாமியாரும் சொன்னார். அவர் பேரில் பழி போட்டுத் தப்பிக்க மாட்டேன். பயம் என்னுடையது.

என் ஓர்ப்படி ஒரு வழி சொன்னாள். "அக்கா, இதெல்லாம் இப்ப வீட்டிலிருந்தே செய்யலாம். 1,500 ரூபாய் கட்டினால் போதும், சர்டிபிகேட் வந்துவிடும்." கரும்பு தின்னக் கூலியா! பணத்தை உடனே கட்டினேன். இரண்டு சாயங்காலம் செல்போனில் படம் ஓடியது. கடைசியில் பத்துக் கேள்வி. மூன்றாம் நாள் பொன் நிறக் கரை போட்ட சர்டிபிகேட் வந்துவிட்டது. '60 மணி நேரப் பயிற்சியைச் சிறப்பாக முடித்தார்' என்று அதில் இருந்தது!

என் பெண்ணுக்கு அது பிடிக்கவே இல்லை. என் வற்புறுத்தலுக்காகத்தான் எடுத்துப் போனாள். துறைத் தலைவி அம்மா மூன்று கேள்விதான் கேட்டாராம். "எந்தெந்தத் தேதியில் போனாய்? யார் மேற்பார்வை செய்தார்கள்? யாரிடம் பேசினாய்?" ஒன்றுக்கும் பதில் இல்லை. சர்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கிரெடிட் கிடையாது.

வீட்டுக்கு வந்து என் பெண் அழவில்லை. "60 மணி நேரம்னு நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சும்மா" என்றாள். அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருப்பேன். 1,500 ரூபாய் போனது பெரிதில்லை. என் பயத்தால் பெற்ற பெண்ணைப் பொய்க் கணக்கு காட்ட வைத்தேனே என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை. அப்போது மே மாதம் பாதி போய்விட்டது.

சின்னத்தை

அன்றிரவு என் நினைவுக்கு வந்தவள் சின்னத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. மணப்பாறைப் பக்கம் எங்கள் கிராமத்து வீட்டில் பின்கட்டில் இருந்தாள். தனக்குத் தானே பேசுவாள், சில நாள் சிரிப்பாள், சில நாள் சாப்பிட மாட்டாள். மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். டாக்டரிடம் மட்டும் கூட்டிப் போகவில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும். என் பெரிய அத்தை பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். சின்னத்தையை மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் வைத்துப் பூட்டி, என்னை வாசலில் காவல் உட்கார வைத்தார்கள். உள்ளேயிருந்து, "கண்ணு, யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள். "யாரும் இல்லை அத்தை" என்றேன். அவளுக்கு மோட்டார் சத்தமும் கேட்டிருக்கும், கேசரி வாசனையும் போயிருக்கும். மறுபடி அவள் கேட்கவே இல்லை.

நான் கல்யாணமாகி வரும் முன்பே சின்னத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகி இறந்த செய்தியைப் படித்தபோது அவள் முகம்தான் கண் முன் வந்தது. அப்போதும் வாயைத் திறந்து அவள் பெயரைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை இதையெல்லாம் என் பெண்ணிடம் சொன்னேன். இருபது வயதாகிறது, தனக்கு இப்படி ஒரு பாட்டி இருந்ததே அவளுக்குத் தெரியாது! கேட்டு முடித்து, "அவங்க பேர் என்னம்மா?" என்றாள். சொன்னேன். அப்புறம் அந்தத் தாளை நானே எடுத்து வந்து கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டு நாள்

துறைத் தலைவி அம்மாவின் கடிதத்தோடு மையத்துக்குப் போனோம். முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். இரும்புக் கம்பியும் கூச்சலும் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு சாதாரண வீடு. திண்ணையில் செருப்புகள் வரிசையாக இருந்தன. உள்ளே சிலர் காகிதக் கவர் ஒட்டிக் கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் எல்லோருக்கும் டீ கொண்டு வந்தார். எனக்கும் கொடுத்தார். அவர் அங்கே வேலை பார்ப்பவரா, சிகிச்சைக்கு வந்தவரா என்று எனக்கு இன்று வரை தெரியாது.

மேற்பார்வை செய்யும் உளவியலாளர் அம்மா என் எதிரிலேயே மூன்று கட்டளை போட்டார். போட்டோ எடுக்கக் கூடாது. இங்கே பார்த்தவர் பெயரை வெளியே சொல்லக் கூடாது. யாருக்கும் புத்திமதி சொல்லக் கூடாது. "உன் வேலை கேட்பதுதான்" என்றார்.

நாளைக்கு 5 மணி நேரம், 12 நாள். வந்த நேரம், போன நேரம், செய்த வேலை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி அன்றன்றைக்கே கையெழுத்து வாங்க வேண்டும். முதல் வாரம் கூட உட்கார்ந்து கவர் ஒட்டுவதும், கேரம் ஆடுவதும், கவனிப்பதும்தான். "இதுக்கா கிரெடிட்?" என்று கேலி செய்தேன். "பக்கத்துல சும்மா உட்காரக் கத்துக்கறதே கஷ்டம்மா" என்றாள். இரண்டாம் வாரம், நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் வரலாறு கேட்டு எழுதுவது எப்படி என்று மேற்பார்வையாளர் பக்கத்தில் இருந்து கவனித்தாள். நோய் எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, வீட்டில் யார் துணை என்று ஒரு முறை இருக்கிறதாம். தினமும் கடைசி அரை மணி நேரம், அன்று மனதைப் பாதித்த விஷயங்களை மேற்பார்வையாளரிடம் பேச வேண்டும். காசு கட்டி வாங்கிய சர்டிபிகேட்டில் இல்லாதது இதுதான்.

ஒரு நாள் ஆவல் தாங்காமல், "நம்ம தெருக்காரங்க யாராவது வர்றாங்களாடி?" என்று கேட்டுவிட்டேன். "அதைச் சொல்லக் கூடாதும்மா" என்றாள். பெற்றவளிடம் கூடவா என்று சுருக்கென்று கோபம் வந்தது. 2017ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமே சிகிச்சை பெறுகிறவர் விஷயத்தை ரகசியமாகக் காக்கச் சொல்கிறதாம். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. கோபம் போய் ஒரு பெருமை வந்தது.

பெயர் சொல்லாமல் ஒன்றே ஒன்று சொன்னாள். அது அவள் அறிக்கையிலும் இருக்கிறது. அங்கே ஒருவர் தினமும், "நாளைக்கும் வருவியா?" என்று கேட்பாராம். நாம் என்றால் "வருவேன் வருவேன்" என்று சொல்லி வைப்போம். "இன்னும் ஏழு நாள் வருவேன், இன்னும் ஆறு நாள் வருவேன் என்று உள்ளதைச் சொல்" என்று மேற்பார்வையாளர் பழக்கினாராம். கடைசி நாள் அவரே, "இன்னியோட முடிஞ்சுது, இல்லே?" என்று சொல்லிக் கை கூப்பினாராம். 'யாரும் இல்லை அத்தை' என்று பூட்டிய கதவுக்கு வெளியே நின்று சொன்ன எனக்கு இதைக் கேட்டு என்னவோ போல் ஆயிற்று.

அதன் பிறகு நானும் தேடிப் படித்தேன். சென்னையில் மனநல மருத்துவமனை 1794லேயே தொடங்கிவிட்டது. இன்றைய கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் ஆரம்பம் அதுதான். 1961ல் அதற்குக் கண்காணிப்பாளராக வந்தவர் ஒரு பெண், டாக்டர் சாரதா மேனன். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுகிறவர். மனச்சிதைவு நோயாளிகளுக்காக 1984ல் 'ஸ்கார்ப்' அமைப்பை உருவாக்கியவரும் அவரே. 2021ல் மறைந்தார். சின்னத்தையைப் பூட்டி வைத்த காலத்தில், ஒரு ரயில் பயணத் தூரத்தில் வைத்தியம் இருந்திருக்கிறது.

உங்கள் பெண்ணும் போவதாக இருந்தால்...

1. எந்த இடத்துப் பயிற்சிக்குக் கிரெடிட் தருவார்கள் என்று கல்லூரியில் முதலில் கேளுங்கள். துறைத் தலைவியின் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே சேரச் சொல்லுங்கள்.

2. மேற்பார்வை செய்பவர் யார், என்ன படித்தவர் என்று விசாரியுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக் கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும்.

3. 'பணம் கட்டினால் சர்டிபிகேட்' என்றால் ஒதுங்கி விடுங்கள். நான் பட்டது போதும்.

4. மணிக் கணக்குக் குறிப்பேட்டில் அன்றன்றைக்கே கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். கடைசி நாளில் மொத்தமாகக் கேட்டால் கிடைக்காது. ஒரு நகலும் எடுத்து வையுங்கள்.

5. மனநல மையம்தான் என்றில்லை. சிறப்புப் பள்ளி, முதியோர் இல்லம், குடிப்பழக்க மறுவாழ்வு மையம், பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவு என்று பல இடங்கள் உண்டு. போக வர பஸ் வசதியும், உள்ளே பெண் பொறுப்பாளர் இருக்கிறாரா என்பதும் பார்த்துக் கொள்ளுங்கள்.

6. 60 மணி நேரம் போய் வந்ததும் பெண் டாக்டராகிவிட்டாள் என்று அக்கம்பக்கத்தாரை ஆலோசனைக்கு அழைத்து வராதீர்கள். அதற்கு மேலே படிக்க வேண்டும், பதிவும் வேண்டும். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜிப் பட்டத்தைத் தொலைதூர வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. மேற்படிப்பு சேர்க்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

7. ராத்திரி முகம் வாடி வந்தால், "அங்கே என்ன நடந்தது?" என்று துருவாதீர்கள். "உனக்கு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். சூடாக ஒரு தோசை வார்த்துப் போடுங்கள்.

வீட்டில் யாருக்காவது மனது சரியில்லை என்றால் 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' உதவி எண் 14416 இருக்கிறது. காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம்.

என் பெண்ணுக்கு அந்த 2 கிரெடிட் கிடைத்துவிட்டது. மதிப்பெண் பட்டியலில் மற்றப் பாடங்களுக்குக் கீழே ஒரு வரியாக இருக்கிறது. எங்கள் வீட்டில் இன்னொரு காரியமும் நடந்தது. அப்பா வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் தேடியதில், சின்னத்தை பாவாடை தாவணியில் நிற்கிற போட்டோ ஒன்று கிடைத்தது. கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் யார் என்று கேட்கிறார்கள். "என் சின்னத்தை, மனசு சரியில்லாமல் இருந்தாங்க" என்று சொல்கிறேன். இதுவரை நாலு பேர் கேட்டார்கள். அதில் இரண்டு பேர், "எங்க வீட்லயும் ஒருத்தர் இருந்தார்..." என்று உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போனார்கள்.