குகைக்குள் போவதற்கு முன்: ஈச்சிலம்பற்று இளைஞர்கள் கேட்ட ஒரு கேள்வி

"மாடு கட்டிற கயிறு இருக்கக்கா. அது போதும்தானே?"

உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி, ஈச்சிலம்பற்றில் ஒரு விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் வைத்து என்னிடம் இப்படிக் கேட்டான். வேறொரு கட்டுரைக்காக மீனவர்களைச் சந்திக்கப் போயிருந்த எனக்கு, பந்து விளையாடி முடித்து இளைப்பாறிக்கொண்டிருந்த 6 பேருடன் பேச்சு வளர்ந்தது. காட்டுப் பக்கம் பெரிய கற்பாறை ஒன்றின் அடியில் குகை இருப்பதாக மாடு மேய்க்கும் ஒருவர் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். வரும் சனிக்கிழமை போவதாகத் திட்டம். வெளிச்சத்துக்குக் கைத்தொலைபேசி, இறங்குவதற்கு மாட்டுக் கயிறு, வீட்டில் சொல்வதற்கு "ரியூசன்" என்ற காரணம். ஏற்பாடு அவ்வளவுதான்.

ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்கவே தேவையிருக்கவில்லை. 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தை எல்லோரும் பார்த்திருந்தார்கள். 2006இல் கொச்சிக்கு அருகிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன நண்பர்களில் ஒருவர் குணா குகைப் பக்கமுள்ள ஆழமான பிளவொன்றுக்குள் விழுந்ததும், இன்னொரு நண்பர் கயிற்றில் இறங்கி அவரை உயிருடன் மீட்டதும் உண்மையாக நடந்தவை. அந்தப் படத்திலிருந்து இவர்கள் எடுத்துக்கொண்டது நட்பை. அந்த இடத்துக்குள் போவது தடைசெய்யப்பட்டிருந்தது என்பதை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

"போகாதீர்கள்" என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த முறை என்னிடம் சொல்லாமல் போயிருப்பார்கள், அவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் குழுவுடன் இரத்தினபுரி மாவட்டத்திலுள்ள வவுல்பனே குகைக்குப் போய்வந்தவள் என்பதால், அங்கே கற்றதையும் அதன் பிறகு வாசித்ததையும் அவர்களுக்குச் சொன்னேன். அந்த உரையாடலின் விரிவுதான் இந்தக் கட்டுரை.

எல்லாக் குகையும் ஒன்றல்ல

இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைமையான, கடினமான பாறைகளால் ஆனது. தண்ணீர் அதை இலகுவில் கரைக்காது. ஆகவே எங்கள் காடுகளில் குகை என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை, பெரும் பாறையொன்று இன்னொன்றின் மேல் சாய்ந்தோ, பாறையின் அடி தேய்ந்தோ உண்டான ஒதுக்கிடங்கள். ஆழம் குறைவு, வெளிச்சமும் ஓரளவு வரும். வெருகல், சேருவில பக்கங்களில் இளைஞர்கள் காணக்கூடியவை இந்த வகைதான்.

சுண்ணாம்புக்கல் குகைகள் வேறு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது பல்லாயிரம் ஆண்டுகளாகக் கல்லைக் கரைத்து நிலத்தடியில் வழிகளை உண்டாக்குகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புப் பாறையில் இப்படி உண்டான வெளிகளில் ஒன்றின் கூரை இடிந்து விழுந்ததால்தான் புத்தூர் நிலாவரைக் கிணறு தோன்றியது. வவுல்பனேயும் சுண்ணாம்புக்கல் குகைதான். உள்ளே நீரோடையும் சிறிய நீர்வீழ்ச்சியும் உண்டு. பெயரே சொல்வதுபோல வௌவால்கள் ஏராளம்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? பாறை ஒதுக்கிடத்தில் ஆபத்து பெரும்பாலும் அங்கே தங்கும் உயிர்களால் வரும்: கரடி, பாம்பு, பாறை நெற்றியில் தொங்கும் குளவிக் கூடு. சுண்ணாம்புக் குகையில் முதல் ஆபத்து தண்ணீர். மலையின் மறுபக்கம் பெய்த மழை கொஞ்ச நேரத்தில் உள்ளே வெள்ளமாக வரும். உள்ளே இருப்பவருக்கு மழை பெய்ததே தெரியாது.

தாய்லாந்தின் சைக்கிள்கள்

2018 ஜூன் 23ஆம் திகதி தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன உதைபந்தாட்டச் சிறுவர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். 11 முதல் 16 வயது வரையான 12 சிறுவர்களும் 25 வயதான அவர்களது உதவிப் பயிற்றுநரும். வெள்ளம் வழியை மூடியது. ஜூலை 2ஆம் திகதி இரண்டு பிரித்தானியச் சுழியோடிகள் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். ஜூலை 10ஆம் திகதிக்குள் 13 பேரும் வெளியே கொண்டுவரப்பட்டார்கள். அந்த மீட்பில் தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் சுழியோடி சமன் குணான் உயிரிழந்தார்.

இதில் இரண்டு விடயங்களை அந்தத் தம்பிமாருக்குச் சொன்னேன். முதலாவது, அவர்களுடன் பெரியவர் ஒருவர் இருந்தார். சிறுவர்கள் மீது அன்புள்ளவர். உள்ளே அவர்களைப் பதற்றமில்லாமல் வைத்திருந்தவரும் அவர்தான். ஆனாலும் மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் உள்ளே போவதை அவர் நிறுத்தவில்லை. கூட ஒரு பெரியவர் வருவது மட்டும் வழிகாட்டல் ஆகாது. இரண்டாவது, அவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள் என்பது வெளியே எப்படித் தெரிந்தது? பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போன ஒரு சிறுவன், மற்றவர்கள் குகைக்குப் போனதாகச் சொன்னான். தேடிப் போனபோது வாசலில் சைக்கிள்கள் நின்றன.

"நீங்கள் ரியூசன் என்று சொல்லிவிட்டுப் போனால் எங்கே தேடுவார்கள்?" என்று கேட்டேன். ஒருவரும் பேசவில்லை.

பாடசாலை ஒழுங்கு செய்த பயணம் என்றாலும் ஆபத்து விலகிவிடாது. 2023 மே 9ஆம் திகதி நியூசிலாந்தின் வங்காரே நகருக்கு அருகிலுள்ள அபே குகைகளுக்கு மாணவர் குழுவொன்று அழைத்துச் செல்லப்பட்டது. கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாள். உள்ளே தண்ணீர் உயர்ந்தது, ஒரு மாணவர் உயிரிழந்தார். பிரித்தானியாவில் 1993இல் கடலில் சிறு படகுகளில் சென்ற 4 மாணவர்கள் இறந்த பிறகு, 1995இல் தனிச் சட்டமே வந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பணம் பெற்றுக் குகைப் பயணம், மலையேற்றம் போன்றவற்றுக்கு அழைத்துச் செல்லும் நிறுவனங்கள் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்றானது. விபத்துக்குப் பிறகும் அவர்கள் பிள்ளைகளை வீட்டில் பூட்டி வைக்கவில்லை, அழைத்துப் போகிறவர்களிடம் பொறுப்பைக் கேட்டார்கள்.

நல்ல பயணம் எப்படி இருக்கும்?

வவுல்பனேக்கு நாங்கள் போனபோது எங்களை அழைத்துச் சென்றவர் அந்த ஊர்க்காரர். முதலில் எங்களை எண்ணினார். பிறகு முதல் நாள் மழை பெய்ததா என்பதைத் தானே சொன்னார். எங்களில் யாருக்கு இருட்டுப் பயம், யாருக்கு மூச்சுத் தொந்தரவு என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் இறங்கினோம். உலகெங்கும் குகைக்குப் போகிறவர்கள் கடைப்பிடிக்கும் பழக்கங்களும் ஏறத்தாழ இவைதான்.

வெளிச்சம்: ஆளுக்கு 3. ஒன்று தலைக்கவசத்தில், மற்ற இரண்டும் பையில். தொலைபேசி வெளிச்சம் கணக்கில் இல்லை. அது விழுந்தால் வெளிச்சமும் போய்விடும், உதவி கேட்கும் வழியும் போய்விடும்.

ஆட்கள்: 4 பேருக்குக் குறையாமல். ஒருவர் காயப்பட்டால் ஒருவர் அவருடன் இருக்க, 2 பேர் வெளியே வந்து உதவி கேட்கலாம். இடம் தெரிந்தவர் முன்னால், பொறுப்பான இன்னொரு பெரியவர் கடைசியில். நடை வேகத்தைத் தீர்மானிப்பவர் குழுவில் மெதுவாக நடப்பவர்.

தகவல்: எந்தக் குகை, யார் யார், எத்தனை மணிக்குத் திரும்புவோம், அந்த நேரம் தாண்டினால் யாருக்கு அழைப்பது. இதை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். ஒரு கொப்பித் தாள் போதும்.

காலம்: கிழக்கில் ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. வவுல்பனே போன்ற தென்பகுதிக் குகைகளுக்கு அங்குள்ள மழைக் கணக்கு வேறு. போகும் இடத்தின் மழையைத்தான் பார்க்க வேண்டும், புறப்படும் ஊரின் மழையை அல்ல.

கயிறு: தேவைப்படும் இடத்துக்கு முதல் பயணத்திலேயே போகக் கூடாது. மாட்டுக் கயிறு மனிதனின் பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பாறை விளிம்பில் உரசினால் அறுந்துவிடும்.

வௌவால்: அதைத் தொடவும் கூடாது, கலைக்கவும் கூடாது. எச்சம் காய்ந்து தூசியாகும் இடங்களில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை இருக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்று எங்கள் பகுதிக்கே உரியது. போர் நடந்த காடுகள் இவை. தெரியாத இரும்புப் பொருள் எதைக் கண்டாலும் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பொலிஸாருக்குச் சொல்ல வேண்டும்.

வவுல்பனேயின் உள்ளே ஓரிடத்தில் வழிகாட்டி எல்லோரையும் வெளிச்சத்தை அணைக்கச் சொன்னார். கண்ணுக்கு முன் கையைப் பிடித்தாலும் தெரியாத இருட்டு. தண்ணீர்ச் சத்தம் மட்டும். பஸ்ஸில் வரும்போது ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை என் கையைப் பிடித்தாள். வெளியே வந்த பிறகு, "இனிக் கரண்ட் போனாப் பயமில்லை" என்றாள். இப்படி ஒரு பயணத்தில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது இதுதான் என்று நினைக்கிறேன். பயத்தை மறைக்காமல், பக்கத்தில் நிற்பவரை நம்பி, அதைக் கடந்து வரப் பழகுகிறார்கள்.

அந்தப் பிள்ளையின் அம்மா அவளை அனுப்பியதே, பொறுப்பாக ஒரு பெண் கூட வருகிறார் என்பதால்தான். ஈச்சிலம்பற்றுக் குழுவில் ஒரு பிள்ளையும் இல்லை. ஒருவனின் தங்கை மைதான ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். களவாகப் போகும் பயணத்தில் அவளுக்கு ஒருபோதும் இடமில்லை. ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போகும் பயணத்தில் இடம் கிடைக்கலாம்.

குகை யாருடையது?

கிழக்கில் குகைக்குப் போவது வெறும் பொழுதுபோக்காக முடிந்துவிடாது. மண்வெட்டி, கயிறு, வெளிச்சத்துடன் காட்டுக்குள் போகும் இளைஞர்கள் புதையல் தோண்டப் போகிறார்கள் என்று சந்தேகிக்கப்படலாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றித் தோண்டுவதும் சேதப்படுத்துவதும் குற்றம். காடு என்றால் வனத் திணைக்களத்தின் அல்லது வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படலாம். ஆகவே பிரதேச செயலகத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் முதலில் கேட்பது பாதுகாப்பின் ஒரு பகுதி.

ஆனால் கேட்கப் போவதற்கே எங்கள் ஆட்களுக்குத் தயக்கம். அதற்குக் காரணம் உண்டு. கிழக்கில் தொல்பொருள் திணைக்களத்தின் பெயர்ப்பலகை நடப்பட்டால் காணி போய்விடுமோ என்ற அச்சம் பல ஊர்களில் இருக்கிறது. கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்காக 2020 ஜூனில் ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, முதலில் நியமிக்கப்பட்ட உறுப்பினர்களில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அந்த அச்சத்தின் விளைவாக எங்கள் இளைஞர்கள் பாறைகளையும் குகைகளையும் "அவர்களுடைய விடயம்" என்று விட்டு விலகி நிற்கிறார்கள்.

குகைகள் சொல்லும் வரலாறு அத்தனை நேர்கோடாக இல்லை. வவுனியா மாவட்டத்தின் பெரியபுளியங்குளத்தில் உள்ள பிராமிக் கல்வெட்டு, விசாகன் என்ற தமிழ் வணிகனின் குகை என்று குறிப்பிடுகிறது. மொழி பிராகிருதம், குகை பௌத்தத் துறவிகளுக்கான கொடை, கொடுத்தவன் தமிழன். களுத்துறை மாவட்டத்தின் பாஹியங்கல குகையில் கிடைத்த எலும்பு அம்பு முனைகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுகள் பழைமையானவை என்று 2020இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த வேட்டைக்காரரிடம் இன்றைய இனப் பெயர்கள் எதுவும் இருந்திருக்க முடியாது. ஈச்சிலம்பற்றிலும் மூதூர் கிழக்கிலும் தமிழ் பேசும் வேடர் சமூகத்தவர் இன்றும் வாழ்கிறார்கள். காட்டைப் பற்றி அவர்களின் முதியவர்களுக்குத் தெரிந்ததை எந்தப் பாடப்புத்தகமும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. வழிகாட்டிகளை வெளியே தேட வேண்டியதில்லை.

அந்தச் சனிக்கிழமை

அவர்கள் போனார்கள். ஆனால் திட்டம் மாறியிருந்தது. மாடு மேய்க்கும் ஐயாவே முன்னால் நடந்தார். ஒருவனின் தகப்பன் கடைசியில் வந்தார். கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லியாகிவிட்டது. 6 வீட்டிலும் 6 தாள் இருந்தது. என்னையும் கூப்பிட்டார்கள்.

காலை 9 மணிக்குப் பாறையடிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலிலிருந்து கொஞ்சத் தூரம் இருக்கும்போதே ஐயா கையை நீட்டி மறித்தார். மணலில் நக அடையாளத்துடன் புதிய கால் தடம். "கரடி. ராத்திரி வந்திருக்கு. உள்ளுக்கு நிக்குதோ தெரியாது" என்றார். யாரும் வாதாடவில்லை. குகையின் கறுத்த வாயைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பினோம்.

திரும்பி வரும் வழியில் அவர்களுக்கு ஏமாற்றம் இருக்கும் என்று நினைத்தேன். மாட்டுக் கயிற்றைப் பற்றிக் கேட்ட அதே தம்பி என் பக்கத்தில் வந்து நடந்தான்.

"அக்கா, வவுல்பனேக்கு வான் பிடிச்சுப் போக ஆளுக்கு எவ்வளவு முடியும்? தங்கச்சியும் வாறதாம்."

ஆவணி விடுமுறைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.