நடுவயதின் உடற்பாரமும் புரோஸ்டேட் சுரப்பியும்

ஆடவரின் உடம்பிலே, சிறுநீர்ப் பைக்கு நேர் கீழே ஒரு சிறு சுரப்பி அமைந்திருக்கிறது. அதனைப் புரோஸ்டேட் என்பர். 'முன்னிற்பது' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். இளமையில் அது ஒரு பெரிய நெல்லிக்காயின் அளவினது. எடை ஏறக்குறைய 20 கிராம். விந்துடன் கலக்கும் நீர்மத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் தொழில். சிறுநீர்க் குழாய் இச்சுரப்பியின் நடுவே ஊடுருவிச் செல்கிறது. பின்னர் வரும் துன்பங்கள் பல இந்த அமைப்பினாலேயே விளைகின்றன.

40 வயதுக்குப் பின் இச்சுரப்பி மெல்லப் பெருக்கத் தொடங்குவது இயல்பு. 50 வயதைக் கடந்து 60-ஐ நெருங்கும் ஆடவரில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம், நுண்பெருக்கியால் நோக்கின், இப்பெருக்கத்தின் அடையாளங்களைக் காணலாம். பெருத்த சுரப்பி குழாயை நெருக்குகிறது. அதனால் சிறுநீர் தடைப்பட்டு மெல்லிய தாரையாக இறங்கும். இரவில் பன்முறை எழ நேரும். இது புற்றுநோயன்று, புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

வயதேறுவதை நம்மால் தடுக்க இயலாது. ஆனால் உடலின் எடையோ ஓரளவு நம் கையில் உள்ளது. ஒருவரது எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் கணித்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். 170 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 27 ஆகும். ஆசிய மக்கள் இவ்வெண் 23-ஐ எட்டும்போதே விழிப்புக் கொள்ள வேண்டும் என்பது, உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் வெளியிட்ட கருத்து.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், முதுமையைப் பற்றிய நெடுங்கால ஆராய்ச்சி ஒன்று 1958-இல் தொடங்கப்பெற்றது. அதிற் பங்குகொண்ட ஆடவரைப் பற்றி 2006-இல் வெளியான முடிவு கருதத்தக்கது. உடல் நிறை எண் ஒன்று கூடுந்தோறும், சுரப்பியின் பருமன் 0.41 கன சென்டிமீட்டர் மிகுந்திருந்தது. அவ்வெண் 35-ஐ எட்டியவர்களுக்குச் சுரப்பி பெருத்திருக்கும் வாய்ப்பு, 25-க்குக் குறைந்தவர்களைக் காட்டிலும் 3.5 மடங்காக இருந்தது.

இதற்குக் காரணம் யாது? கொழுப்பு வெறுஞ் சுமையன்று. வேலை செய்யும் ஒரு திசு. ஆண்மைச் சுரப்பு நீராகிய டெஸ்டோஸ்டிரோனை அது ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. மேலும், பருத்த உடலில் இன்சுலின் மிகுகிறது; அதுவோ திசுக்களின் வளர்ச்சியைத் தூண்ட வல்லது. இவை இரண்டும் சுரப்பியின் பெருக்கத்துக்குத் துணைபுரிகின்றன என்று அறிஞர் கருதுகின்றனர்.

புரோஸ்டேட் புற்றுநோய் வேறொரு நோய். உடற்பருமனே அதனைத் தோற்றுவிக்கிறது என்று கூறிவிட இயலாது. ஆயினும், பருத்தவர்களிடம் அது முற்றிய நிலையை அடையும் அபாயம் மிகுதி. இங்கே மற்றோர் இடரும் உண்டு. பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தை இரத்தத்தில் அளந்து இந்நோயை ஐயுறுவது வழக்கம். ஒரே பிடி உப்பைச் செம்பு நீரிற் கரைத்தால் மிகக் கரிக்கும். குடத்து நீரிற் கரைத்தால் சுவை மங்கும். அவ்வாறே, பருத்தவர் உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி மிகுதியாதலால், அப்புரதத்தின் அளவு குறைந்து தோன்றக்கூடும். இக்கருத்தை 2007-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று வலியுறுத்தியது. எனவே, எண் குறைவாயிருப்பது ஒன்றையே கொண்டு பருத்தவர் ஆறுதல் கொள்ளலாகாது. மருத்துவர் எடையையும் கருதியே அதனை மதிப்பிட வேண்டும்.

இவையெல்லாம் நடுவயதினர்க்கன்றோ, மாணவர்க்கு எதற்கு என்று நீங்கள் வினவலாம். உங்கள் தந்தையர் இன்று அவ்வயதில் இருக்கின்றனர். இரவில் நான்கு முறை எழுபவரும், நாணத்தால் எவரிடமும் வாய் திறவாது 'வயதானால் இப்படித்தான்' என்று அமைந்துவிடுவதுண்டு. சிறுநீர் அறவே தடைப்பட்டு மருத்துவமனைக்கு விரையும் வரையில் அந்த மௌனம் நீடிக்கிறது. சிறுநீரில் இரத்தம் கண்டாலும் உடனே மருத்துவரை நாட வேண்டும். இதனை வீட்டில் தயக்கமின்றி எடுத்துச் சொல்ல, உடலமைப்பைக் கற்ற உங்களால் இயலும்.

உங்களுக்கும் இதிற் பங்கு உண்டு. நடுவயதின் தொந்தி ஒரே நாளில் வருவதன்று. படிப்பை முடித்து நாற்காலியில் அமரும் நாள் தொட்டு, ஆண்டுக்கு ஒரு கிலோவாக ஏறுவது. நாள்தோறும் நடையும், அளவறிந்த உணவும் இப்போதே பழக்கமானால், 50 வயதில் அவற்றைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.