'எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்!'

2021-ம் ஆண்டு, பொங்கல் முடிந்த வாரம். கொரோனா முதல் அலை ஓய்ந்திருந்த நேரம். ஒரகடம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு முகக்கவசம் போட்ட இரண்டு பெண்கள் வந்தனர். தேசிய குடும்ப நல சர்வேயாம். உயரம், எடை, பி.பி., சர்க்கரை எல்லாம் பார்த்து, விரலில் ஒரு சொட்டு ரத்தமும் எடுப்பார்களாம்.

"எங்க வீட்டில் எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். வேற வீடு பாருங்கம்மா" என்று கதவைச் சாத்தப் போனேன்.

அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "நோயாளிங்க கணக்கு ஆஸ்பத்திரியிலேயே கிடைச்சிடும்மா. நல்லா இருக்கோம்னு நினைக்கிறவங்க கணக்குக்குத்தான் வீடு வீடா வர்றோம். லிஸ்ட்ல வந்த வீட்டை மாத்தவும் கூடாது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உள்ளே கூப்பிட்டேன்.

எனக்கு ஹீமோகுளோபின் 11.4. பெண்களுக்கு 12-ஆவது இருக்க வேண்டுமாம். செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் ஷிப்ட் முடிந்து வரட்டும் என்று சாயந்திரம் மறுபடியும் வந்தார்கள். அவளுக்கு 8.9!

விடியற்காலை அஞ்சரைக்குக் கம்பெனி பஸ். ஒரு டம்ளர் டீயோடு ஓடுவாள். 'மாடி ஏறினா மூச்சு வாங்குதும்மா' என்று அவள் சொன்னபோதெல்லாம், 'இந்த வயசிலேயா?' என்று கேலி செய்தவள் நான்தான். இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். மாதவிலக்கில் போக்கு அதிகமா என்று டாக்டர் விசாரித்து, பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் தந்தார். 'மாத்திரையை டீ, காபியோட போடாதே, சத்து உடம்புல ஒட்டாது. எலுமிச்சை ஜூஸோட போடு' என்றார் நர்ஸம்மா. மலம் கறுப்பாகப் போனதில் மகள் பயந்து பாதியில் நிறுத்தப் பார்த்தாள். அது மாத்திரையால்தான் என்று நர்ஸம்மாவே தைரியம் சொன்னார். நாலு மாதத்தில் 12-ஐத் தொட்டுவிட்டாள்.

பிறகு அந்த சர்வே முடிவு பேப்பரில் வந்தது. தமிழ்நாட்டில் சுமார் 28 ஆயிரம் வீடுகளில் எடுத்த கணக்கு அது. நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறதாம். பெருமையாக இருந்தது. அடுத்த வரியிலேயே, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை! அந்தப் பாதிக்கு மேற்பட்டோரில் நாங்கள் இரண்டு பேர். அதிக எடை உள்ள பெண்கள் 30.9-லிருந்து 40.4 சதவீதமாக ஏறிவிட்டார்களாம். (பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்க மனசில்லாமல் வாயில் போடுகிறோமே, அதுவும் சேர்த்திதான்.)

எங்கள் மாடியில் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துப் பெண்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். எல்லாரும் ஷிப்ட் வேலைதான். போன ஞாயிறு, "ஒருதரம் ரத்தம் பார்த்துக்குங்கடி" என்றேன். ஒருத்தி சரியென்றாள். மற்ற மூவரும் ஒரே குரலில், "எங்களுக்கென்னக்கா, நல்லாத்தானே இருக்கோம்!"

– ஒரு வாசகி, வல்லக்கோட்டை.