தகட்டுப் பதிவுப் பிழைகளும் அவற்றை அறியும் முறையும்

திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகத்திலுள்ள ஓலை ஓரளவு சிதைந்தாலும் எஞ்சிய எழுத்தைக் கண்ணால் படிக்கலாம். கணிப்பொறித் தகட்டுக்கோ கருவி இன்றியமையாதது. ஆகவே, "பதிவு முடிந்தது" என்னும் அறிவிப்பை மட்டும் நம்பி மூலக் கோப்பை அழித்தலாகாது.

பதியத்தக்க குறுந்தகட்டில் சாயப்படலமும், அதன்மேல் ஒளியைத் திருப்பும் உலோகப் படலமும் உள்ளன. லேசர் கதிர் சாயத்தைச் சுட்டுக் குறியிடுகிறது. வலிமை குறைந்த கதிர் அக்குறிகளைப் படிக்கிறது.

எழுதுகையில் பிழை நேரின், முதலில் வேறு தயாரிப்புத் தகட்டை இட்டுப் பார்க்க வேண்டும். அது பதிந்தால் குறை தகட்டினுடையது. அதுவும் பதியாவிடின், கோப்புகளை வன்தட்டில் சேர்த்து, பிற நிரல்களை மூடி, வேகத்தைக் குறைத்துப் பதிக. அப்போதும் தவறினால் கருவியின் வில்லையையோ லேசரையோ ஐயுறலாம். மழைக்காலத்தில் குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொணர்ந்த கருவியின் வில்லையில் பனி படியும். அது உலரும்வரை பொறுத்தல் நன்று.

சிறு கீறல்களால் நேரும் படிப்புப் பிழைகளை, 1960இல் ரீட், சாலமன் ஆகியோர் வகுத்த குறிமுறை திருத்திவிடும். தடத்தின் வழியே நீளும் கீறலை அது தாங்காது. எனவே தகட்டை மையத்திலிருந்து விளிம்பு நோக்கியே துடைக்க வேண்டும். குறுந்தகட்டின் மேற்புறத்தில் கூர்முனைப் பேனாவால் எழுதினால் உலோகப் படலம் கெடும்.

பதிந்த தகட்டை மற்றொரு கருவியில் முழுதும் சரிபார்த்து, வன்தட்டில் வேறொரு படி வைத்த பின்னரே மூலத்தை நீக்குக. புதிய கணிப்பொறிகள் பலவற்றில் தகட்டுக் கருவியே இல்லை. பழந்தகடுகளில் பள்ளிப் பதிவேடுகளையும் களக் குறிப்புகளையும் வைத்திருப்போர், அவை படிக்கப்படும்போதே படியெடுத்துக்கொள்வது கடமையாகும்.