கல்லில் வேரூன்றும் செடிகள்

பத்துமலை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை தைப்பூசமும் 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும் 272 படிகளும்தாம். படியேறும் கூட்டத்தில் பெரும்பாலோர் பாறைச் சுவரைக் கவனிப்பதில்லை. ஒரு கைப்பிடி மண்கூட இல்லாத அந்தச் செங்குத்துப் பாறையிலும் செடிகளும் கொடிகளும் சிறு மரங்களும் பசுமையாக வளர்ந்து நிற்கின்றன. இந்த ஒரே குன்றில் 350க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன. வெறும் கல்லில் இவை எவ்வாறு உயிர் வாழ்கின்றன?

பத்துமலை சுண்ணாம்புப் பாறையாலான குன்று. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த படிவுகள் இறுகி இப்பாறையாயின. சுண்ணாம்புப் பாறை மழைநீரில் மெல்லக் கரையும் தன்மையுடையது. அதனால்தான் இதில் குகைகளும் பிளவுகளும் தோன்றின. கிள்ளான் பள்ளத்தாக்கில் மழைக்குக் குறைவில்லை. ஆயினும், குன்றின் மேல் விழும் மழைநீர் பிளவுகள் வழியே உடனே கீழிறங்கிவிடுகிறது. சில நாள் மழை இல்லையென்றால், வெயிலில் சுடும் பாறையில் நிற்கும் செடிக்கு அது வறட்சிக்காலமே.

நீர் மட்டுமன்று, மண்ணும் இங்கே அரிது. பாறை கரைந்தபின் எஞ்சும் சிறிதளவு களிமண்ணும் உதிர்ந்து மக்கிய இலைகளும் பிளவுகளில் சேர்கின்றன. அதுவே செடிகளுக்குக் கிடைக்கும் மண். அதில் கால்சியம் மிகுதியாக இருக்கும். பாறையை ஒட்டிய மண் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. காரமண்ணில் பாஸ்பரஸ் கால்சியத்துடன் பிணைந்துவிடுவதால் வேர்களால் அதை எளிதில் உறிஞ்ச முடியாது. இரும்புச் சத்தும் நீரில் கரைவது குறைந்துவிடும். பழக்கமில்லாத செடியை இத்தகைய மண்ணில் நட்டால், நரம்புகள் மட்டும் பச்சையாயிருக்க இளம் இலைகள் மஞ்சளாகிவிடும். இது இரும்புச் சத்துக் குறைபாட்டின் அடையாளம்.

மண்ணில் உள்ள சத்துகள் செடியின் வளர்ச்சியை மட்டும் முடிவு செய்வதில்லை. துன்பத்தைத் தாங்கும் திறனையும் அவை முடிவு செய்கின்றன. இதைக் குளிர்நாடுகளின் ஊசியிலை மரங்களிடமும் காணலாம். கனடா, நார்வே போன்ற நாடுகளில் பைன், ஸ்புரூஸ் மரங்கள் கடும் உறைபனியைத் தாங்கி நிற்கின்றன. உறைபனியின்போது உயிரணுக்களுக்கு வெளியே பனிக்கட்டி உருவாகி, உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. ஆகவே, குளிரும் ஒருவகையில் வறட்சியே எனலாம். சத்துக் குறைந்த மண்ணில் வளரும் கன்றால் குளிருக்குத் தன்னை நன்கு ஆயத்தப்படுத்திக்கொள்ள இயலாது. அதற்காக நைட்ரஜன் உரத்தை அளவின்றி இட்டாலோ, தளிர்விடுவதை நிறுத்தி இறுக வேண்டிய காலத்திலும் மரம் மென்மையான தளிர்களை விட்டுக்கொண்டே இருக்கும். முதல் உறைபனியிலேயே அத்தளிர்கள் கருகிவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சுதானே!

பத்துமலையில் உறைபனி இல்லை. ஆனால், உயிரணுவின் நீரைக் காக்கும் போராட்டம் இங்கும் உண்டு. இதில் பொட்டாசியத்தின் பங்கு பெரிது. இலைத்துளைகளைத் திறந்து மூட உதவுவது அதுவே. பொட்டாசியம் போதாத செடி இலைத்துளைகளைச் சரியாக மூட முடியாமல் நீரை இழக்கும். கால்சியமோ உயிரணுச் சுவர்களை உறுதியாக்குகிறது. தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தைப் பல செடிகள் சிறு படிகங்களாக மாற்றி இலைகளுக்குள்ளேயே ஒதுக்கி வைக்கின்றன. நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைவாகக் கிடைப்பதால் பல பாறைச் செடிகள் மெதுவாகவே வளர்கின்றன. மெதுவாக வளரும் செடிக்குத் தேவையும் குறைவு.

மலேசியச் சுண்ணாம்புக் குன்றுகளில் வளரும் பாராபோயா இனச் செடிகள் இதற்கு நல்ல சான்று. இவற்றில் சில வறட்சியின்போது இலைகளைச் சுருட்டிக்கொண்டு காய்ந்தவை போல் காட்சி தரும். மழை பெய்ததும் மீண்டும் விரியும். மோனோபில்லேயா என்னும் செடியோ நிழலான குகை வாயில்களில் வளர்கிறது. அதன் இனங்கள் பலவற்றுக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே ஓர் இலைதான். மக்ஸ்புரெட்டியா ரூபிகோலா என்பது பாறையுச்சிகளில் வளரும் சிறிய விசிறிப்பனை. பத்துமலை, புக்கிட் தாக்குன், அனாக் தாக்குன் ஆகிய சிலாங்கூர்க் குன்றுகளைத் தவிர, உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதாக அறியப்படவில்லை.

வெளிப்பாறையில் சத்துப் பஞ்சம் நிலவ, குகைக்குள்ளோ சத்துகள் குவிந்து கிடக்கின்றன. இரவில் வெளியே சென்று இரைதேடும் வௌவால்கள், நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைந்த எச்சத்தைக் குகைக்குள் சேர்க்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் அதை அள்ளிச் சென்று காய்கறித் தோட்டங்களுக்கு எருவாக இட்டனர். இங்குள்ள தேனுண்ணும் வௌவால்கள் டுரியான் பூக்களின் மகரந்தச் சேர்க்கைக்கும் உதவுகின்றன.

கடுவெயிலையும் சத்துக் குறைவையும் தாங்கும் இச்செடிகளால் தாங்க முடியாத ஒன்று உண்டு. அதுவே மண்ணிழப்பு. பத்துமலையில் பல ஆண்டுகள் கல்லுடைப்பு நடந்து, பின்னர் நிறுத்தப்பட்டது. பாறையை வெடிவைத்துத் தகர்க்கும்போது கல்லோடு பிளவுகளில் சேர்ந்திருந்த மண்ணும் போய்விடுகிறது. அடிவாரத்தில் குப்பையை எரிக்கும்போது பரவும் தீயும் மக்கிய இலைமண்ணை எரித்துவிடும். விரற்கடை அளவு மண் மீண்டும் சேரப் பல நூறு ஆண்டுகள் ஆகலாம். அச்செடிகளை அருகிலுள்ள சமவெளிக்கு மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். சமவெளியின் செம்மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது. அத்தகைய மண்ணில் கரையும் அலுமினியம், சுண்ணாம்பு மண்ணுக்குப் பழகிய வேர்களைப் பாதிக்கும். விரைந்து வளரும் பிற செடிகளும் அவற்றை மூடி மறைத்துவிடும்.

எனவே, பத்துமலைச் செடிகளைக் காப்பது என்பது அவை நிற்கும் பாறையையும் பிளவிலுள்ள மண்ணையும் சேர்த்துக் காப்பதாகும். குன்றில் குப்பை போடாமலும் தீ வைக்காமலும் செடிகளைப் பிடுங்காமலும் இருப்பது வருகையாளர் ஒவ்வொருவராலும் இயலும். மிகக் குறைந்த மண்ணைக் கொண்டு வாழும் அச்செடிகளுக்கு அந்தச் சிறிதளவு மண்ணே முழு உலகம்.