பீம்சிங்கின் ‘பா’ படங்களும் அரிப்புப் பெண்களும்

சோளகக் காற்று எழும்பிக் கடல் குழம்பிவிட்டால் அரிப்பில் பின்னேரங்கள் நீண்டுவிடும். தொழிலுக்குப் போகிறவர்கள் குறைவு. கருவாட்டு வேலையும் குறைவு. அப்படியொரு நாளில்தான் எமது மாதர் சிறுசேமிப்புக் குழுவினர் ஒரு வேண்டுகோளை முன்வைத்தார்கள்.

“மிஸ், எந்த நாளும் கூட்டமும் பயிற்சியும்தானா? பழைய படம் ஒண்டு போட்டுக் காட்டுங்கோவன்.”

என்ன படம் என்று கேட்டேன். ‘பாசமலர்’ என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக வந்தன. ஒரு படத்துடன் முடியும் என்று நினைத்தது நான்கு சனிக்கிழமைகளாக நீண்டுவிட்டது.

இயக்குநர் ஏ. பீம்சிங் (1924–1978) படத்தொகுப்பாளராகத் தொழிலைத் தொடங்கியவர். ‘பதிபக்தி’ (1958), ‘பாகப்பிரிவினை’ (1959), ‘படிக்காத மேதை’ (1960), ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ (மூன்றும் 1961), ‘பார்த்தால் பசி தீரும்’ (1962) என்று சிவாஜி கணேசனை வைத்து அவர் எடுத்த படங்கள் பலவற்றின் பெயர்கள் ஒரே எழுத்து வரிசையில் தொடங்கும். கதைகளுக்கிடையே தொடர்பில்லை. ஆனாலும் சனம் அவற்றை ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாகவே பார்த்தது. இலங்கை வானொலி அவற்றின் பாடல்களை எங்கள் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. மின்சாரமில்லாத யுத்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சந்ததி இது. ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த இரவுகளை இன்றும் ஆசையோடு சொல்லுவார்கள்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இப்படங்களை ‘ஆணாதிக்கக் குடும்பப் படங்கள்’ என்று ஒரே வரியில் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். ஆகவே இந்தக் காலத்தில் இவை எடுபடாது என்ற எண்ணத்தோடுதான் மல்ரிமீடியாவைப் பொருத்தினேன்.

‘பாசமலர்’ முடிந்தபோது மண்டபத்தில் அழாதவர்கள் இல்லை. நானும்தான். ஆனால் அழுது முடித்த கையோடு எமது குழுவின் பொருளாளர் அக்கா ஒரு கேள்வி கேட்டார். வேலையில்லாமல் நிற்கும் அண்ணனுக்குத் தங்கை ராதா, வீட்டிலிருந்து பொம்மை செய்து சேர்த்த காசை எடுத்துக் கொடுக்கிறாள். அதிலிருந்துதான் அவன் முதலாளியாகிறான்.

“காசு அவளின்ர. பிறகு கொம்பனி அவன்ர. அவளின்ர பேரில ஒரு பங்காவது எழுதியிருந்தால், கலியாணத்துக்குப் பிறகு அந்த மாமியின்ர வாய்க்குள்ள அவள் இந்தப் பாடு படுவாளோ?”

சாவித்திரியின் நடிப்பைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கணக்கை எவரும் பார்த்து எழுதியதாக நான் வாசித்ததில்லை. கருவாடு விற்ற காசைச் சீட்டுக்கட்டி, அதைத் தமையனின் படகுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் இருவர் அன்று பேசாமல் இருந்தார்கள்.

‘பாகப்பிரிவினை’ இளம் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. பாதியில் கைத்தொலைபேசியை எடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், படம் நீளந்தான். ஆனால் கையும் காலும் வழங்காத கண்ணையனைப் பொன்னி விரும்பி ஏற்கும் இடத்தை, செல்லடியில் மகனின் கால் போன ஒரு தாய் எழுந்து முன்வரிசைக்கு வந்து நின்று பார்த்தார்.

‘பாவமன்னிப்பு’ நாளன்று சிலாவத்துறையிலிருந்து முஸ்லிம் சகோதரிகள் சிலரும் வந்திருந்தார்கள். பிறந்த வீட்டைப் பிரிந்த ஒரு பிள்ளை முஸ்லிம் வீட்டிலும், இன்னொரு பிள்ளை கிறிஸ்தவ வீட்டிலும் வளரும் கதை அது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் 2009க்குப் பிறகே பெருமளவில் முசலிக்குத் திரும்பத் தொடங்கினார்கள். அரிப்புச் சனமும் 2007 செப்டெம்பரில் உடுத்த உடுப்போடு நானாட்டான், முருங்கன் பக்கம் போய்க் கிடந்தவர்கள். படத்தில் உண்மை வெளிவந்ததும் எல்லாம் சரியாகிறது. இங்கே காணிப் பிரச்சினை, பழைய மனத்தாங்கல் எல்லாம் அப்படித் தீருமா? இந்தப் படம் இன்றைக்குப் போதாது என்பதே என் எண்ணம். ஆனாலும் இரண்டு ஊர்ப் பெண்களும் ஒரே பாயிலிருந்து பார்த்தார்கள். தேநீர் நேரத்தில் முருங்கனில் இருந்த காலத்தையும் புத்தளத்தில் இருந்த காலத்தையும் பற்றிக் கதைத்தார்கள்.

நான் பயந்து பயந்து போட்ட படம் ‘பார்த்தால் பசி தீரும்’. இரண்டாம் உலக யுத்த காலம். ஜெமினி கணேசன் நடிக்கும் வேலு, மலைக்கிராமத்துப் பெண் இந்திராவை மணக்கிறான். யுத்தம் பிரிக்கிறது. அவள் இறந்துவிட்டாள் என்று நம்பி வேறொரு பெண்ணை மணந்துகொள்கிறான். இந்திராவோ பார்வை இழந்து, பிள்ளையோடு உயிருடன் இருக்கிறாள். நண்பன் பாலுதான் (சிவாஜி) அவர்களைத் தாங்குகிறான். அதனாலேயே சந்தேகத்துக்கும் ஆளாகிறான்.

படம் முடிந்ததும் நீண்ட நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு, 2008இல் கணவர் காணாமற்போன ஓர் அம்மா சொன்னார்:

“செத்துப்போனாள் எண்டு நினைச்சு அவன் கட்டினதை ஒருத்தரும் பிழை சொல்லேல்லைப் பிள்ளை. இதை மாத்தி, அவள் கட்டினதாய் எடுத்திருந்தால் சனம் பாத்திருக்குமோ?”

இன்னொருவர், “பாலு மாதிரி ஒருத்தன் என்ர வீட்டுக்கு ஒரு மூடை அரிசி கொண்டந்து இறக்கினால், அடுத்த நாள் ஊர் என்ன கதைக்கும்?” என்றார்.

அறுபது வருடத்துக்கு முந்திய படத்தில் இந்த ஊர்வாய் மட்டும் கொஞ்சமும் பழசாகவில்லை. எங்கள் கடற்கரையில் இடிந்து விழுந்துகொண்டிருக்கும் டொரிக் மாளிகை, ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த்துக்காகக் கட்டப்பட்டது. சனம் அதை அல்லிராணி கோட்டை என்றே சொல்லும். தனியாக ஆண்ட அரசியின் பெயரைக் கல்லுக்கு வைப்பார்கள். தனியாக வீட்டை ஆளும் பெண்ணுக்கு வைக்கும் பெயர் வேறு.

அன்று கதை சான்றிதழ்கள் பக்கம் திரும்பியது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் காணாமற்போனவருக்கு இறப்புச் சான்றிதழ் பெற வழி செய்தது. “உயிரோட இருக்கிறவரை நானே சாக்கொல்லுறதோ” என்று பலர் எடுக்கவில்லை. 2016இல் வந்த திருத்தத்தின்படி, இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறலாம். உதவிக் கொடுப்பனவுக்கும் பிள்ளைகளின் பாதுகாவலுக்கும் அது பயன்படும். ஆனால் அது திருமணத்தை முறிக்காது. இதைப் பலமுறை பயிற்சிகளில் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் திருப்பிக் கேள்வி கேட்டார்கள்.

கதவடியில் ஒருத்தி நின்றதை அப்போதுதான் கண்டேன். காணாமற்போன கணவருக்காக நெடுங்காலம் காத்திருந்து, பின்னர் ஒருவரோடு வாழத் தொடங்கியதால் இரண்டு வருடமாகக் கூட்டத்துக்கு வராதவள்.

அடுத்த சனிக்கிழமைக்கு ‘பாலும் பழமும்’ கேட்டார்கள். அதிலும் மனைவி இறந்துவிட்டாள் என்று நம்பிக் கணவன் மறுமணம் செய்கிறானே என்று முன்கூட்டியே எச்சரித்தேன்.

“தெரியும் பிள்ளை, எத்தனைதரம் பாத்தனாங்கள். போடுங்கோ” என்றார் அந்த அம்மா. தேநீருக்குச் சீனி யார் கொண்டுவருவது என்று முடிவாகியது. கதவடியில் நின்றவள், எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.